இந்த இலக்கம் அளவா, வகையா? கணனியிடம் கேட்டறிவோம்

இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் கையோடு எடுத்துவரும் பொருட்கள் ஒரு சாக்குக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதப்படும் படிவங்கள் ஒரு அலுமாரியை நிரப்பும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. லயங்களையும் மரக்கறித் தோட்டங்களையும் விட்டு மக்கள் பாடசாலைகளுக்கும் ஆலய மண்டபங்களுக்கும் வந்தார்கள். அதற்கு முன்னரும் இப்படி வந்தவர்கள் உண்டு. வந்தவர்களிடமெல்லாம் பெயர், அடையாள அட்டை, அங்கத்தவர் தொகை, சேதம், காணி, பயிர் என்று கேட்டு எழுதிச் செல்கிறார்கள்.

எழுதிச் சென்ற படிவம் பின்னர் கணனிக்குள் போகிறது. யாருக்கு வீடு, யாருக்கு நட்டஈடு, எந்த முகாமுக்கு எவ்வளவு என்ற தீர்மானங்கள் கணனி தரும் அட்டவணையைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன. ஆகவே அந்தப் பெட்டிக்குள் நமது விபரங்களுக்கு என்ன நடக்கிறது என்பதை நாமும் ஓரளவு அறிந்திருப்பது நல்லது. உயர்தரம் படித்த பிள்ளைகள் இன்று பல குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களை அருகில் வைத்துக்கொண்டு இக்கட்டுரையை வாசித்தால் பயன் கூடும்.

கணனிப் புள்ளிவிபரத்தில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறோம். ஒரு நிரலில் உள்ளவை அளவுகளா, வகைகளா? அதைக் கணனியிடமே கேட்டு உறுதிப்படுத்துவது எப்படி?

இரண்டு விதமான இலக்கங்கள்

கணக்கெடுப்புப் பட்டியலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிரை, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிரல். ஆளுக்கு ஆள் விடை மாறுவதால் அந்த நிரலைப் புள்ளிவிபரக்காரர் மாறி என்பார்கள்.

சில மாறிகள் அளவைச் சொல்கின்றன. ஒரு குடும்பத்தில் 5 பேர், இன்னொன்றில் 3 பேர் என்றால் இரண்டையும் கூட்டி 8 பேருக்குச் சமைக்கலாம். ஒருவர் 40 பேர்ச்சிலும் மற்றவர் 20 பேர்ச்சிலும் லீக்ஸ் நட்டிருந்தால், முதலாமவருடையது இரண்டு மடங்கு. கூட்டலாம், கழிக்கலாம், சராசரி எடுக்கலாம். இவை அளவு மாறிகள்.

வேறு சில மாறிகளில் எழுதப்படும் இலக்கம் வெறும் பெயர். 4ஆம் லயத்துக்காரரும் 8ஆம் லயத்துக்காரரும் சேர்ந்தால் 12ஆம் லயம் ஆகிவிடாது. படிவத்தில் பயிர் என்ற இடத்தில் கரட்டுக்கு 1, லீக்ஸுக்கு 2, உருளைக்கிழங்குக்கு 3 என்று குறித்தால், கரட்டும் லீக்ஸும் சேர்ந்து உருளைக்கிழங்கு என்று எவரும் சொல்லமாட்டார்கள். இவை வகை மாறிகள்.

எது எந்தப் பக்கம் என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. அந்த இலக்கத்தை எடுத்துவிட்டு வேறொரு இலக்கத்தையோ ஒரு சொல்லையோ போட்டுப் பாருங்கள். கரட்டுக்கு 1 என்பதற்குப் பதிலாக 7 என்று போட்டாலும், கரட் என்றே எழுதினாலும் பொருள் கெடாது. அது வகை. 40 பேர்ச் என்பதை 7 பேர்ச் என்று மாற்றினால் அது பொய்க்கணக்கு. அது அளவு.

நம்மை மயக்கும் இலக்கங்கள்

இலக்கமாகத் தெரிவதெல்லாம் அளவல்ல என்பதற்கு நமது சட்டைப்பையில் உள்ள தேசிய அடையாள அட்டையே சாட்சி. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண்ணானால் அந்த நாளோடு 500 கூட்டப்படும். பெப்ரவரி 14 ஆண்டின் 45ஆவது நாள். அன்று பிறந்த ஆணின் அட்டையில் 045 என்றும் பெண்ணின் அட்டையில் 545 என்றும் வரும். அந்த 500 எதனுடைய அளவும் அல்ல. ஆண், பெண் என்ற வகை இலக்க வேடம் பூண்டு நிற்கிறது. இறுதி எழுத்தும் ஒரு வகைதான். வாக்குரிமை உள்ளவருக்கு வி, இல்லாதவருக்கு எக்ஸ்.

2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையில் எழுத்து இல்லை. பன்னிரண்டு இலக்கங்கள் மட்டுமே. எழுத்து இருந்தவரை கணனி அதை எண் என்று எடுத்துக்கொள்ள வழியில்லாதிருந்தது. இப்போது அந்தத் தடை இல்லை. எக்செல் அட்டவணையில் பன்னிரண்டு இலக்கத்தை அப்படியே அடித்தால் அதை ஒரு மாபெரும் எண்ணாகக் கருதிச் சுருக்கிக் காட்டும். தொலைபேசி இலக்கத்தின் கதியும் இதுதான். ஹற்றன் பகுதி இலக்கங்கள் 051 என்று தொடங்குகின்றன. எண்ணுக்கு முன்னால் வரும் பூச்சியத்துக்கு மதிப்பில்லை என்று கணனி அதை உதிர்த்துவிடும். பிறகு அந்தக் குடும்பத்தை யாரும் அழைக்க முடியாது.

தோட்டத்தில் நாம் சொல்லும் ‘பேர்’ என்ற சொல்லையும் பாருங்கள். குறித்த கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். குறித்த அளவு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 17 கிலோ எடுத்தவருக்கும் 9 கிலோ எடுத்தவருக்கும் ஒரே அரைப் பேர்தான். கிலோ என்பது அளவு. பேர், அரைப் பேர் என்பவை வகைகள். அளவை வெட்டி வகையாக்கும்போது 8 கிலோ வித்தியாசம் காணாமற் போகிறது. நம் பாட்டிமார் புத்தகம் படிக்காமலே இந்த வித்தியாசத்தை நன்றாக அறிந்திருந்தார்கள்.

மயங்கினால் என்ன நட்டம்?

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் பார்ப்போம். வீட்டுச் சேதம் என்ற நிரலில் முழுச் சேதத்துக்கு 1, பகுதிச் சேதத்துக்கு 2, சேதமில்லை என்பதற்கு 3 என்று குறிக்கிறார்கள். முதலாவது முகாமில் 20 குடும்பங்கள். அவற்றில் 10 குடும்பங்களின் வீடுகள் முழுவதும் போய்விட்டன. மற்றப் 10 குடும்பங்களின் வீடுகள் அப்படியே இருக்கின்றன. இரண்டாவது முகாமிலும் 20 குடும்பங்கள். அனைவரது வீடுகளும் பகுதியாகச் சேதம்.

கணனி இந்த நிரலை அளவு என்று எண்ணிச் சராசரி எடுத்தால் என்ன வரும்? முதலாவது முகாமில் பத்து 1களும் பத்து 3களும் சேர்ந்து 40. அதை 20ஆல் வகுத்தால் 2. இரண்டாவது முகாமில் இருபது 2கள் சேர்ந்து 40. அங்கும் சராசரி 2. அலுவலகத்துக்குச் செல்லும் அறிக்கையில் இரண்டு முகாம்களும் ஒன்றுபோல் பகுதிச் சேதம் என்று இருக்கும். முதலாவது முகாமில் வீடே இல்லாது நிற்கும் பத்துக் குடும்பங்கள் அந்த ஒற்றை இலக்கத்துக்குள் மறைந்துவிடும். கூட்டலிலும் வகுத்தலிலும் தவறில்லை. கூட்டக்கூடாததைக் கூட்டியதுதான் தவறு.

வகை மாறியில் செய்யவேண்டியது எண்ணுவது மட்டுமே. முழுச் சேதம் 10, பகுதிச் சேதம் 0, சேதமில்லை 10 என்று வகைவாரியாக எண்ணிச் சொன்னால் உண்மை வெளிவரும்.

கணனியிடம் கேட்கும் முறை

புள்ளிவிபரத்துக்கென்றே உருவான கணனி மொழிகள் சில உள்ளன. அவற்றில் ஆர் என்பது பலரும் பயன்படுத்துவது. நியூசிலாந்தின் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தில் ரோஸ் இஹாகா, ரொபர்ட் ஜென்டில்மன் என்ற இரு ஆசிரியர்கள் 1990களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார்கள். 1995இல் இது எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் பகிரவும் கூடியதாக வெளியிடப்பட்டது. காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை என்பதால் சிறிய நிலையங்களுக்கும் இளைஞர் குழுக்களுக்கும் ஏற்றது.

இந்த மொழியில் வகை மாறிக்கு ஃபேக்டர் என்று பெயர். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கவேண்டும். இங்கே உச்சரிப்பைத் தமிழில் தருகிறோம். கணனி படிக்கும் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள்.

முதலாவது, நேரடிக் கேள்வி. இஸ் புள்ளி ஃபேக்டர் என்று அடித்து, அடைப்புக்குள் நிரலின் பெயரைக் கொடுத்தால், இது வகை மாறியா என்று கேட்டதாகும். ட்ரூ என்று விடை வந்தால் ஆம். ஃபால்ஸ் என்று வந்தால் இல்லை.

இரண்டாவது, இல்லை என்று வந்தால், அப்படியானால் அது என்ன என்று கேட்கவேண்டும். அதற்குக் கிளாஸ் என்ற கட்டளை. நியூமெரிக் அல்லது இன்டீஜர் என்று விடை வந்தால் கணனி அதை அளவாக வைத்திருக்கிறது. கரெக்டர் என்றால் வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது. ஃபேக்டர் என்றால் வகை.

மூன்றாவது, பட்டியலில் இருபது நிரல்கள் இருந்தால் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. எஸ்.டி.ஆர். என்ற கட்டளை எல்லா நிரல்களையும் ஒரே தடவையில் வரிசையாகக் காட்டி, எது எவ்வகை என்று சொல்லிவிடும்.

நான்காவது, டைப்ஆஃப் என்ற கட்டளையை இந்தக் கேள்விக்குப் பயன்படுத்தவேண்டாம். வகை மாறியைக் கொடுத்தாலும் அது இன்டீஜர், அதாவது முழு எண் என்றே சொல்லும். காரணம், கணனி வகைகளைத் தன் உள்ளே 1, 2, 3 என்ற இலக்கங்களாகவே சேமித்து, பெயர்களைத் தனியே ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. டைப்ஆஃப் சேமிப்பை மட்டும் பார்க்கிறது. பொருளைப் பார்ப்பதில்லை.

வகை என்று அறிவித்த நிரலுக்குச் சராசரி கேட்டால் கணனி தர மறுத்து எச்சரிக்கை செய்யும். மேலே சொன்ன இரண்டு முகாம்களின் மயக்கம் அங்கேயே தடுக்கப்படும். ஆகவே, இது வகை என்று கணனிக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது ஒரு பாதுகாப்பு.

கணனிக்குத் தெரிந்தது நாம் சொன்னது மட்டுமே

சேத நிரலில் 1, 2, 3 என்ற இலக்கங்களை மட்டும் கொடுத்துவிட்டு, இது வகையா என்று கேட்டால், கணனி இல்லை என்றே சொல்லும். அது பொய் சொல்லவில்லை. நாம் அதற்கு அறிவிக்கவில்லை. கணனி நிரலின் பொருளை ஆராய்ந்து பதில் சொல்வதில்லை. தனக்கு என்ன சொல்லப்பட்டதோ அதையே திருப்பிச் சொல்கிறது. எனவே ஃபால்ஸ் என்ற விடை கிடைத்தவுடன் இது அளவுதான் என்று முடிவு செய்துவிடக்கூடாது. யுனீக் என்ற கட்டளையால், அந்த நிரலில் எத்தனை வெவ்வேறு விடைகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். 300 குடும்பங்களின் பட்டியலில் மூன்றே மூன்று விடைகள் மீண்டும் மீண்டும் வந்தால், அது அநேகமாக வகையே. ஆனால் உறுதியான விடை படிவத்தில்தான் இருக்கிறது. கேள்வி என்ன என்று வாசித்துப் பார்க்கவேண்டும்.

இன்னொரு விடயமும் உண்டு. முன்னைய ஆர் பதிப்புகள் எழுத்தில் வந்த எந்த நிரலையும் தாமாகவே வகை மாறியாக மாற்றிவிடும். 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்பிலிருந்து அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. ஆகவே ஒரே பட்டியலுக்குப் பழைய கணனியில் ஆம் என்றும் புதிய கணனியில் இல்லை என்றும் விடை வரலாம். இருவர் சண்டை பிடிப்பதற்கு முன் பதிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய பதிப்பில் நேரக்கூடிய ஒரு பெரும் ஆபத்தையும் சொல்லவேண்டும். பயிரிட்ட பரப்பு என்ற நிரலில் 10, 20, 40, 80 என்று பேர்ச்சுக் கணக்குகள் வருகின்றன. ஒரேயொரு குடும்பத்துக்கு மட்டும் ‘தெரியாது’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லால் முழு நிரலும் எழுத்தாகி, பின்னர் வகையாகிவிடும். அதை எண்ணாக மாற்று என்று அவசரமாகக் கட்டளையிட்டால், கணனி பரப்பைத் தராது. சீட்டில் அது எத்தனையாவது வகை என்ற வரிசையைத் தரும். 10 பேர்ச் 1 ஆகும். 20 பேர்ச் 2 ஆகும். 40 பேர்ச் 3 ஆகும். அரை ஏக்கரான 80 பேர்ச் 4 ஆகும். தெரியாது என்றவருக்கு 5 கிடைக்கும்! அரை ஏக்கர் லீக்ஸைச் சேற்றுக்குள் இழந்தவரைவிட, ஒன்றும் சொல்லாதவருக்கு அதிகம் கிடைத்துவிடும். இதைத் தவிர்க்க, முதலில் எழுத்தாக மாற்றி, பிறகே எண்ணாக மாற்றவேண்டும்.

வரிசை உள்ள வகைகள்

வகைகளிலும் இரண்டு விதம் உண்டு. கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு என்பவற்றில் எது மேல், எது கீழ் என்றில்லை. ஆனால் சில வகைகளுக்குப் படிவரிசை உண்டு. மண்சரிவு எச்சரிக்கை அவற்றில் ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டங்களில் எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாயிருங்கள். செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். மழைக்கும் மூன்று எல்லைகள் சொல்லப்படுகின்றன. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம்.

மழை மில்லிமீற்றர் அளவு மாறி. எச்சரிக்கைக் கட்டம் வரிசை உள்ள வகை மாறி. முதற் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையே 25 மில்லிமீற்றர். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 50 மில்லிமீற்றர். படிகள் சம உயரமானவை அல்ல. ஆகவே இங்கும் சராசரி எடுப்பது பொருந்தாது. ஒரு டிவிசனில் பாதி சிவப்பு, பாதி மஞ்சள் என்றால் அந்த டிவிசன் செம்மஞ்சள் அல்ல. பாதிப் பேர் உடனே வெளியேறவேண்டும்.

இந்த வரிசையைக் கணனி அறிந்திருக்கிறதா என்று கேட்க, இஸ் புள்ளி ஆர்டர்ட் என்ற கட்டளை உண்டு. ட்ரூ என்று வந்தாலும் அத்தோடு நிற்காமல், லெவல்ஸ் என்ற கட்டளையால் வகைகளின் சீட்டையே வெளியே எடுத்துப் பார்க்கவேண்டும். நாம் வரிசையைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் கணனி அகரவரிசையில் அடுக்கும். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று வரும். மிகக் குறைந்த ஆபத்து சிவப்பு, மிகக் கூடியது மஞ்சள் என்று அது நம்பிக்கொண்டிருக்கும்.

வகைகளைப் பற்றிய பேச்சு வெறும் ஏட்டுப் பேச்சல்ல என்பதைக் கொஸ்லந்தை நமக்குக் கற்றுத்தந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அறிவிக்கப்பட்டிருந்ததாகப் பின்னர் சொல்லப்பட்டது. ஓரிடத்தைச் சரியான வகையில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. எழுதியதற்கேற்ப மக்களுக்குப் பாதுகாப்பான மாற்றுக் காணியும் வீடும் கிடைக்கவேண்டும்.

சீட்டில் இல்லாதவருக்கு என்ன ஆகும்?

இக்கட்டுரையில் நீங்கள் மறக்கக்கூடாத பகுதி இதுதான். வகை மாறியைக் கணனிக்கு அறிவிக்கும்போது, இவை இவைதான் வகைகள் என்று ஒரு சீட்டைக் கொடுக்கிறோம். அந்தச் சீட்டில் இல்லாத விடை வந்தால் கணனி அதை ஏற்காது. அந்த இடத்தில் என்.ஏ. என்று குறித்துவிடும். விடை இல்லை என்பது அதன் பொருள்.

காணி உரிமை என்ற கேள்விக்கு, உறுதிக் காணி, குத்தகைக் காணி, அரச அனுமதிப்பத்திரக் காணி என்று மூன்று வகைகள் கொடுக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். நம்மவர் பலர் இந்த மூன்றிலும் அடங்குவதில்லை. லயத்துக்குப் பின்னால் உள்ள தோட்டக் காணியைக் கொத்தி, தலைமுறையாக மரக்கறி செய்து வாழ்கிறார்கள். கையில் உறுதி இல்லை. குத்தகைச் சீட்டும் இல்லை. அவர்கள் உண்மையைச் சொன்னால் சீட்டில் இடமில்லை. என்.ஏ. ஆகிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு டேபிள் என்ற கட்டளையால் வகைவாரியாக எண்ணும்போது, தனியே கேட்டாலொழிய கணனி என்.ஏ.க்களை அட்டவணையில் காட்டாது. 300 குடும்பங்களில் 60 குடும்பங்கள் அப்படி இருந்தால், அட்டவணையில் 240 குடும்பங்களே தெரியும். யாரும் அவர்களை வெட்டவில்லை. ஆனாலும் அவர்கள் அங்கே இல்லை.

ஆகவே மூன்று படிகளையும் சேர்த்தே செய்யவேண்டும். முதலில், இது வகை மாறியா என்று கேட்கவேண்டும். அடுத்து, லெவல்ஸ் கொண்டு சீட்டில் என்னென்ன வகைகள் உண்டு என்று பார்க்கவேண்டும். பின்னர், வகைவாரியாக வந்த தொகைகளைக் கூட்டி, முகாமில் உள்ள மொத்தக் குடும்பங்களோடு ஒத்துவருகிறதா என்று சரிபார்க்கவேண்டும். கடைசிப் படிக்குக் கணனி தேவையில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். நூறு ஆடுகளை வைத்திருந்த ஆயனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும். எண்ணிப் பார்த்ததால்தான் ஒன்று குறைவது அவனுக்குத் தெரிந்தது.

ஒரு சமூகத்தின் பெயரும் வகையே

மலையக மக்களாகிய நமக்கு இது புதிய அனுபவமல்ல. இலங்கையில் நவீன முறையிலான குடிசனக் கணக்கெடுப்பு 1871இல் தொடங்கியது. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு வகைகளாகப் பிரித்து எண்ணியது 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின் நம் முன்னோரில் பெரும்பாலானோர் நாடற்றவர் என்ற வகைக்குள் தள்ளப்பட்டார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, பிறகு பார்த்துக்கொள்வோம் என்று 150,000. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள் வெவ்வேறு வகைகளுக்குள் விழுந்து பிரிந்தார்கள்.

கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று எண்ணப்பட்டோர் 1971இல் நாட்டின் சனத்தொகையில் 9.3 வீதம். 1981இல் 5.5 வீதம். 2012இல் 4.1 வீதம். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்பதோடு மலையகத் தமிழர் என்ற பெயரும் அதே வகைக்குச் சேர்க்கப்பட்டது. அதில் 2.8 வீதம். இந்த இறக்கத்தில் ஒரு பங்கு உண்மையான பிரிவு. கப்பலேறிப் போனவர்களை நாம் அறிவோம். ஆனால் இன்னொரு பங்கு, ஆட்கள் இங்கேயே இருக்க, அவர்களுக்கு எழுதப்பட்ட வகை மட்டும் மாறியது. இலங்கைப் பிரஜையான பின் இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்கள் பலர்.

வகை மாறியில் வரும் ஒரு தொகை குறைந்தால், ஆட்கள் குறைந்தார்களா, பெயர் மாறியதா என்று கேட்கவேண்டும். அதைக் கணனியால் சொல்லமுடியாது. ஒவ்வொரு வீட்டிலும் விடை சொன்னவர்களுக்கே அது தெரியும்.

நாம் செய்யக்கூடியவை

முகாமிலோ தற்காலிக வீட்டிலோ இருக்கும் குடும்பங்கள் தமக்கென்று ஒரு பட்டியலை வைத்திருப்பது நல்லது. ஒரு பயிற்சிப் புத்தகம் போதும். அதில் சில ஒழுங்குகளைக் கடைப்பிடியுங்கள்.

அடையாள அட்டை, தொலைபேசி, வங்கிக் கணக்கு, லயம் ஆகியவற்றின் இலக்கங்களை எழுத்தாகவே கணனியில் பதியச் சொல்லுங்கள். அவை பெயர்கள். கூட்டுவதற்கல்ல.

வகைகளுக்கு 1, 2, 3 என்று குறிப்பதைவிட, முழுச் சேதம், பகுதிச் சேதம் என்று சொல்லாகவே எழுதுங்கள். சொல்லுக்குச் சராசரி எடுக்க எவராலும் முடியாது.

அளவு கேட்கும் இடத்தில் இலக்கம் மட்டும் எழுதுங்கள். தெரியாவிட்டால் வெறுமையாக விட்டு, காரணத்தை வேறொரு நிரலில் எழுதுங்கள்.

அளவாகச் சொல்லக்கூடியதை வகையாக வெட்டவேண்டாம். அரை ஏக்கருக்குக் குறைவு என்று எழுதுவதைவிட 35 பேர்ச் என்று எழுதுவது மேல். தேவையானால் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். வெட்டியதை ஒட்டமுடியாது.

படிவத்தில் உங்கள் நிலைக்கு ஏற்ற கூடு இல்லையென்றால், அருகில் உள்ள கூட்டில் புள்ளடி போடச் சம்மதிக்கவேண்டாம். வேறு என்ற கூட்டைக் கேட்டு, அதன் எதிரே உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். எழுதும் பிள்ளைகளோடு கோபப்படவேண்டாம். அந்தச் சீட்டைத் தயாரித்தவர்கள் அவர்கள் அல்லர்.

அட்டவணை தயாரானதும் அதன் பிரதியொன்றைக் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ மரியாதையாகக் கேளுங்கள். வகைவாரித் தொகைகளைக் கூட்டி, உங்கள் புத்தகத்தின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். குறைந்தால், யார் யார் விடுபட்டார்கள் என்று பெயரோடு எழுதிக் கொடுங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. நமது குடும்பங்களைப் பற்றிக் கடைசியாக நிரப்பப்பட்ட படிவத்தில் என்னென்ன கேள்விகள் இருந்தன? அவற்றில் எவை அளவு, எவை வகை?

2. காணி, வீடு பற்றிய கேள்விகளில் எமக்குப் பொருந்தாத வகைகள் கொடுக்கப்பட்டனவா? எமது நிலையை ஒரு வகையாக எப்படிச் சொல்லலாம்?

3. எமது முகாமில் மொத்தம் எத்தனை குடும்பங்கள்? உதவிப் பட்டியலில் எத்தனை? வித்தியாசம் இருந்தால் அது யார்?

4. ஆர் மொழியை எமது பிள்ளைகளுள் யாராவது கற்றுக்கொள்ள விரும்புகிறார்களா? அவர்களுக்கு ஒரு கணனியும் மாலையில் இரண்டு மணி நேரமும் எங்கே கிடைக்கும்?